ஆறாவது மடிப்பு

கோணல் மடிப்பு அம்மா வீடு எது என்று விசாரித்துக்கொண்டுதானே வந்தீர்கள்? தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் அப்படித்தான் வழி சொல்வார். சொல்லட்டும். வாசலில் மூன்றடி நீளத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறேன். 'மதி மடிப்பகம். சேலைகளுக்குக் கொசுவம் வைத்து, மடித்து, இஸ்திரி போட்டுத் தரப்படும்.' ஓர் எழுத்துப் பிழை கிடையாது. அதை ஒருவரும் படிப்பதில்லை.

உட்காருங்கள். மின்விசிறி போட முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள், பட்டு பறக்கும். நாளைக் காலையில் தம்பிக்கு நிச்சயதார்த்தம் என்கிறீர்கள், இன்று மூன்று மணிக்குச் சேலையைக் கொண்டுவருகிறீர்கள். பரவாயில்லை. நாற்பது நிமிடம் ஆகும். முப்பத்தைந்தில் முடிந்துவிடும், ஆனால் முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டு முப்பத்தாறாவது நிமிடம் கொடுக்க எனக்குப் பிடிக்காது.

மயில்கழுத்து நிறம். அரக்குக் கரை. நல்ல தேர்வு. தோளுக்கு எத்தனை மடிப்பு வைக்கட்டும்? ஐந்து போதும், உங்கள் உயரத்துக்கு ஐந்துதான் எடுப்பாக இருக்கும். ஆறா? ஆறுதான் கேட்பீர்கள் என்று தெரியும். இந்த ஊரில் ஐந்து மடிப்புக் கேட்டு யாரும் வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்த நுனியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை மேலே வரட்டும். அவ்வளவுதான், விட்டுவிடலாம்.

அந்த மடிப்பைக் கோணலாக வைத்தது நான் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் பதினாறு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். கரும்பலகையில் அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போடுவேன். பையன்கள் அளந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அக்கம்பக்கத்தவர்களுக்குச் சேலை மடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். சேலையும் கணக்குத்தான். ஐந்தரை மீட்டர் துணி, இடுப்புச் சுற்றளவு, உயரம், இந்த மூன்றும் தெரிந்தால் மிச்சமெல்லாம் தானாக வரும். கட்டுகிறவர் கொக்கி மாட்டுவதுபோல் இரண்டு நிமிடத்தில் கட்டிக்கொண்டு போகலாம்.

இதை ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றவள் பூங்கோதை. என் நாத்தனார். என் கணவருக்கு எட்டு வயது இளையவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். "அண்ணி, நோட்டீஸ் அடிச்சு பேப்பர்ல வச்சுக் குடுக்குற காலம் போயிடுச்சு. பேஜ் ஆரம்பிக்கணும்" என்றாள். ஆரம்பித்தோம். ஆவணி மாதம். பெயர் வைப்பதிலேயே சண்டை. 'மதி ப்ளீட்ஸ்' என்று வைக்கச் சொன்னாள். என் பெயர் சந்திரமதி, தொழில் மடிப்பது, ஆகவே மதி மடிப்பகம் என்றேன். "பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருக்கு அண்ணி" என்றாள். இதில் பல் எங்கே வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான்கு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். நாங்கள் கல்லூரியில் படித்தபோது யாராவது பின்தொடர்ந்தால் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவோம். இப்போது அதற்கு விளம்பரம் செய்கிறோம். அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று நாற்பது பேர் உறவினர்கள். நான் எண்ணியிருக்கிறேன்.

பூங்கோதை சும்மா இருக்கவில்லை. ஏதோ ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு எடுத்தவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் பாடம் நடத்தினாள். "மொத மூணு செகண்டுல ஆளைப் பிடிச்சு நிறுத்தணும் அண்ணி. இல்லன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்க கொஞ்சம் சிரிங்க."

"இஸ்திரி போடும்போது நான் சிரிப்பதில்லை."

"மத்த நேரத்துல?"

"மற்ற நேரத்தில் படம் எடுப்பதில்லையே."

அவள் யோசித்தாள். "சரி, மூஞ்சி வேணாம். கை மட்டும் போதும்" என்றாள். என் கை மட்டும். இரண்டு கை, ஒரு சேலை, பின்னால் வெள்ளைச் சுவர். முப்பது நொடி. கடைசி ஐந்து நொடி, மடித்து முடித்த தோள் மடிப்பு ஆறும் வரிசையாக இருப்பதைக் கிட்டத்தில் காட்டுவாள். தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, ஒரு வெண்பட்டு. மெரூன் கரை. ஆறு மடிப்பும் படிக்கட்டு மாதிரி நின்றன. அதை இரண்டு நாளில் அறுபத்தோராயிரம் பேர் பார்த்தார்கள்.

இல்லை, எனக்கு ஒன்றும் தலைகால் புரியாமல் போய்விடவில்லை. எண் எண்தான். ஆனால் மூன்றாம் நாள் இஸ்திரிப் பெட்டி கெட்டுப்போய், சூடு நிற்காமல், என் இடது மணிக்கட்டில் பட்டுவிட்டது. இதோ, தழும்பு இன்னும் இருக்கிறது. அன்று மாலையே பூங்கோதையின் கைப்பேசி விழுந்து திரையில் கீறல். மறுநாள் இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. அவள் என் எதிரில் உட்கார்ந்து விரலை மடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"அறுபத்தோராயிரம் கண்ணு அண்ணி."

"அறுபத்தோராயிரம் பேர். கண் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம்."

சரியான விடையைச் சொன்னேன், அவ்வளவுதான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. இஸ்திரிப் பெட்டி வாங்கி ஏழு ஆண்டுகள். கெட்டுப்போகத்தான் செய்யும். மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள். நிகழ்தகவு என்றால் என்ன என்று அவளுக்குச் சோழிகளை வைத்து விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, வாசலில் பூசணிக்காய் கட்டலாமா என்றாள். எலுமிச்சை, மிளகாய் கட்டலாமா என்றாள். படிகாரம் என்றாள். பட்டு வந்துபோகும் இடத்தில் எலுமிச்சையா என்றேன். கடைசியாக, படம் எடுப்பதற்கு முன் முந்தானையில் ஓர் ஓரமாக, சின்னதாக, மையால் ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேட்டாள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பட்டில் மை. கூடவே கூடாது என்றேன். அவளும் அதற்குமேல் பேசவில்லை. பூங்கோதை பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் வேண்டுமானால் அந்தச் செம்பில் இருக்கிறது. சேலைக்குத் தள்ளி வைத்துக் குடியுங்கள்.

அடுத்த வாரத்துப் படத்தின் கீழே முதல் கருத்து வந்தது. 'ஆறாவது மடிப்பு கோணலா இருக்கே?' யாரோ ஒரு சகோதரி, சேலத்திலிருந்து. நான் சேலையை எடுத்துப் பார்த்தேன். நேராக இருந்தது. அளந்தேன். மேலே நான்கரை அங்குலம், கீழே நான்கரை அங்குலம். பதில் எழுதினேன்: 'அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். தாங்கள் குறிப்பிட்ட ஆறாம் மடிப்பை மீண்டும் அளந்து பார்த்தேன். இரு முனைகளிலும் அகலம் சமமாக உள்ளது. தங்கள் அக்கறைக்கு நன்றி. இங்ஙனம், சந்திரமதி.' இதற்கு நானூறு பேர் விருப்பக்குறி இட்டார்கள். உண்மைக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த படத்திலும் கோணல். அதற்கடுத்ததிலும் கோணல். எல்லாவற்றிலும் ஆறாவது மடிப்பு. படத்தைப் பார்த்தால் எனக்கே தெரிந்தது, ஓர் இழை சாய்ந்து நிற்கிறது. சேலையைப் பார்த்தால் நேராக இருக்கிறது. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் போனேன். கண்ணாடியை மாற்றினார். மேசை சாய்ந்திருக்கிறதோ என்று கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். நீர்க்குமிழி நட்ட நடுவில் நின்றது. கைப்பேசி பழுது பார்க்கிற கடைக்குப் போய், லென்ஸ் வளைந்திருக்கிறதா என்று கேட்டேன். அந்தக் கடைக்காரர், "வளைஞ்சா எல்லா மடிப்பும்ல வளையும், அது என்ன ஆறாவதை மட்டும் வளைக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி.

இதெல்லாம் நடக்கும்போது பூங்கோதை என் பக்கத்திலேயே இருந்தாள். "என்னமோ தெரியலையே அண்ணி" என்று என்கூடவே கவலைப்பட்டாள். கண் மருத்துவரிடம் என்னுடன் வந்தாள். வரிசையில் உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.

கருத்து எழுதியவர்கள் சும்மா எழுதினார்களா? 'ஆறாவது மடிப்பு இன்னைக்கும் லீவு லெட்டர் குடுக்கல' என்று ஒருவர். 'அஞ்சு பேர் ஒழுங்கா நிக்கிறாங்க, கடைசிப் பையன் மட்டும் வெளிய வேடிக்கை பார்க்கிறான்' என்று ஒருவர். என் பழைய மாணவன் ஒருவன், இப்போது ஓசூரில் பொறியாளர், எழுதினான்: 'மிஸ், என் நோட்டுல மார்ஜின் கோணல்னு அரை மார்க் குறைச்சீங்க. ஞாபகம் இருக்கா?' நான் எழுதினேன்: 'ஞாபகம் இருக்கிறது. மார்ஜின் கோணலாகத்தான் இருந்தது.' அதை எத்தனையோ பேர் தங்கள் பக்கத்தில் பகிர்ந்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. அதில் பகிர என்ன இருக்கிறது?

ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை அதுதான் வேலை. பங்குனி முடிவதற்குள் ஆயிரத்து நூறு பதில் எழுதியிருப்பேன். சிலருக்கு வரைபடம் போட்டு, கோணத்தைக் குறித்து, புகைப்படம் எடுத்து அனுப்பினேன். பூங்கோதை சொன்னாள், வகுப்பு எடுத்தவர் எங்கள் பக்கத்தை எல்லாருக்கும் உதாரணம் காட்டுகிறாராம். 'ஆடியன்ஸ் கூட இப்படித்தான் பேசணும்' என்றாராம். நாற்பத்தெட்டாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். தஞ்சாவூர், காரைக்குடி, திருச்சியிலிருந்தெல்லாம் சேலை வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மாள் கூரியரில் மூன்று சேலை அனுப்பினார். நேர்த்தியான வேலைக்கு மரியாதை கிடைக்காமல் போகாது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளைக் கீழே இறக்காமல், "ஆமா, நேர்த்திக்குத்தான்" என்றார்.

சற்று இப்படித் திரும்புங்கள், தோளிலிருந்து இடுப்புவரை ஒரு முறை அளந்துகொள்கிறேன். பதினைந்தே கால். சரி.

சித்திரை இரண்டாம் வாரம். வழக்கம்போல் மடித்து முடித்தேன். முடித்தவுடன் நான் அந்த மூலை மேசைக்குப் போய், சேலைக்காரர் பெயர், அளவு, மடிப்பு எண்ணிக்கை எல்லாம் சீட்டில் எழுதுவேன். முதுகு இந்தப் பக்கம் இருக்கும். அந்த இடைவெளியில் அவள் கடைசி ஐந்து நொடியை எடுத்துவிடுவாள். அதன்பிறகு நான் வந்து இறுதி இஸ்திரி போடுவேன். இஸ்திரிக்கு அப்புறம் எடுத்தால் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது என்று அவள் சொன்னதை நம்பியிருந்தேன். அன்று அவள் மகளுக்குப் பள்ளியில் ஏதோ கூட்டம். அவசரத்தில் படத்தின் முன்பகுதியை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் பார்ப்பதற்கு முன்னால் எண்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஆறு மடிப்பும் நேராக நிற்கின்றன. ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஆறாவது மடிப்பின் நுனியைப் பிடித்து, மெல்ல, குழந்தையின் காதைத் திருகுவதுபோல், ஒரு திருகு திருகிவிட்டு மறைகின்றன. கீழே கருத்துகள்: 'மிஸ், நீங்க நிரபராதி.' 'அம்மா, கோணல் பண்றது நீங்க இல்ல, உங்க பக்கத்துலயே ஆள் இருக்கு.' 'பச்சை வளையல், உடனே சரணடையவும்.'

மறுநாள் வந்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாக?"

"தை மாசத்துலேர்ந்து அண்ணி."

"ஏன்?"

வளையலை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருந்தாள். "அத்தனை பேர் பார்க்கிறாங்க. உங்க கையைத்தான் பார்க்கிறாங்க. சூடு பட்டது யாருக்கு? உங்களுக்குத்தானே? பச்சைப் புள்ளைக்குக் கன்னத்துல பொட்டு வைக்கலாம். உங்க கைக்கு எங்க வைக்கிறது? நீங்க விடுவீங்களா? அதான், ஒரே ஒரு மடிப்பு. படம் எடுத்தவுடனே நானே நேராக்கி வச்சிடுவேன். ஒரு சேலை கோணலா வெளிய போனதில்ல அண்ணி."

பாருங்கள், நான் என்ன கேட்டேன், அவள் என்ன சொல்கிறாள். என் கண்ணில் கோளாறு என்று புதுக் கண்ணாடி போட வைத்தாள். கொத்தனாரிடம் ரசமட்டத்துக்காக நிற்க வைத்தாள். ஆயிரத்து நூறு பேருக்கு நான் பொய் எழுதியிருக்கிறேன், தெரியாமல் எழுதினாலும் பொய் பொய்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு என் கையைப் பற்றிப் பேசுகிறாள். "நாளையிலிருந்து படத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். கைப்பேசி வைக்கிற அந்த ஸ்டாண்டை மடக்கி மேசைமேல் வைத்தாள். "கால் ஒண்ணு லூசா இருக்கும், பார்த்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்று நாள் வரவில்லை. நானும் போகவில்லை.

நானே எடுத்தேன். ஆறு மடிப்பு, ஆறும் நேர். முதல் படத்தை ஒன்பதாயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். அடுத்ததை நாலாயிரம். அதற்கடுத்ததை ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. இந்த எண்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தகவலுக்காகக் குறித்து வைத்தேன், காலையிலும் மாலையிலும். கருத்துகளும் வந்தன. 'சரியா இருக்கு' என்று ஒருவர். அவ்வளவுதான். சரியாக இருப்பதைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை போலும். 'இந்த பேஜை வேற யாராவது வாங்கிட்டாங்களா?' என்று ஒருவர் கேட்டார். 'பச்சை வளையல் எங்கே?' என்று நாற்பது பேர் கேட்டார்கள். அவர்களுக்கு மட்டும் பதில் எழுதவில்லை. ஒன்பதாம் நாள் புது இஸ்திரிப் பெட்டியின் ஒயர் புகைந்தது. தற்செயல். சேலை வரவும் குறைந்தது. ஒரு நாளைக்கு ஏழு எட்டு வந்த இடத்தில் ஒன்று, இரண்டு. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பார்லரில் 'இங்கே கோணல் மடிப்பு செய்து தரப்படும்' என்று எழுதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தேன். சகிக்கவில்லை. மடிப்பைச் சாய்க்கிறேன் என்று முந்தானையையே சாய்த்திருந்தார்கள். உங்கள் கோணல் தவறு என்று எடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த நேரத்தில்தான் அறந்தாங்கியிலிருந்து செண்பகவல்லி அம்மாள் வந்தார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பெண்ணுக்கும் சொந்தக்காரர்களுக்குமாக இருபத்தேழு சேலை. முன்பே பேசி வைத்தது. ஆனால் வந்தவுடன் முகூர்த்தப் பட்டைத் தனியாக எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதுல மட்டும் அந்த ஆறாவது மடிப்பு, உங்க கோணல் இருக்கட்டும்."

"அம்மா, அது பிழை. அதைத் திருத்திவிட்டோம்."

"திருத்திட்டீங்களா? ஏன் திருத்துனீங்க?" உண்மையாகவே பதறிப்போனார். "மண்டபத்துல ஆயிரத்து ஐந்நூறு பேர் வருவாங்க. அத்தனை கண்ணும் எம்பொண்ணு மேலதான். மை வைக்கலாம்னா, அந்த மேக்கப் போடுற பொண்ணு, போட்டோவுல விழும்னு தொடைச்சு எடுத்துடுறா. என் அக்கா மகளுக்கு அப்படித்தான் தொடைச்சா. மேடையிலேர்ந்து இறங்குறப்ப கால் பெசகிடுச்சு. மடிப்புன்னா யாராலயும் தொடைக்க முடியாதுல்ல? உங்க கையால அது அமையணும். முடியாதுன்னா சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தங்க செய்றாங்களாம், இருபத்தேழையும் அங்க குடுத்துடுறேன்."

அங்கே. முந்தானையைச் சாய்க்கிறவர்களிடம்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். இருபத்தாறு சேலையையும் முடித்து வரிசையாகப் பெட்டியில் வைத்துவிட்டேன். முகூர்த்தப் பட்டு மிச்சம். வியாழன் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். ஐந்து மடிப்பு வைத்தேன், ஆறாவதைச் சாய்க்க வேண்டும். என்ன பெரிய வேலை? சாய்த்தேன். பார்த்தால் நேராக இருக்கிறது. மறுபடி சாய்த்தேன். விரலை எடுப்பதற்குள் விரலே அதை நேராக்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தேன். அளவெடுத்தாற்போல் நேர். பாகைமானி வைத்து மூன்று பாகை குறித்துக்கொண்டு வைத்தேன். சாய்ந்தது, ஆனால் அது ஏதோ தப்பாகிவிட்ட மடிப்பு மாதிரி இருந்தது, அந்தக் கோணல் மாதிரி இல்லை. பதினொரு முறை. மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. பட்டு எத்தனை முறை தாங்கும்? அடுத்த முறை சுருக்கம் விழுந்தால் அந்தப் பெண்ணின் முகூர்த்தப் பட்டு கெட்டது. ஐந்து மணிக்கு அவர் வந்துவிடுவார். நான் இத்தனை ஆண்டுகளாகச் செய்கிற எதிலும் 'என்னால் முடியவில்லை' என்று யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு மணி வெயிலில் நடந்து போனேன். பூங்கோதை மொட்டைமாடியில் வடகம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"யாரு? கணக்கு மிஸ்ஸா? வழி தவறி வந்துட்டீங்களா?"

"ஒரு சேலையைக் கெடுக்க வேண்டும். வா."

"அதுக்கு எதுக்கு நானு? வெயில்ல வச்சாப் போதுமே."

"பூங்கோதை."

அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாளா, கையைப் பார்த்தாளா, தெரியவில்லை. "எவ்வளவு கெடுக்கணும் அண்ணி?" என்று கேட்டாள்.

"நான்கு மில்லிமீட்டர் இருக்கலாம்."

"என்கிட்ட ஸ்கேல் எல்லாம் இல்ல. இருக்கிற விரலை வச்சுத்தான் செய்வேன்."

"சரி."

"அப்புறம் இஸ்திரிப் பெட்டியில கையைச் சுட்டுக்கிட்டு, எனக்கு நிகழ்தகவு சொல்லித் தரக் கூடாது."

"சரி என்றேனே."

வடகத்தின் மேல் துணியைப் போர்த்திவிட்டு என்னுடன் இறங்கினாள். வீட்டுக்கு வந்து கையைக் கழுவித் துடைத்தாள். பட்டை ஒரு நிமிடம் பார்த்தாள். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து ஒரு திருகு. அவ்வளவுதான். பதினொரு முறை வராத கோணல் ஒரே திருகில் வந்து உட்கார்ந்தது. ஏதோ அந்தப் பட்டே அப்படி நிற்கத்தான் விரும்பியதுபோல். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் கை தானாகப் போய் அதை நேராக்கிவிட்டது.

அவள் என் புறங்கையில் ஒன்று போட்டாள். உண்மையில் அடித்தாள். மறுபடி திருகினாள். நான் மறுபடி நேராக்கினேன். வேண்டுமென்று இல்லை, எனக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மூன்றாம் முறை அவள் இரண்டு கையாலும் சேலையை மறைத்துக்கொண்டு, "அண்ணி, நீங்க உள்ள போங்க. போயி அடுப்பங்கரையில நில்லுங்க. நான் கூப்பிட்ட அப்புறம் வாங்க" என்றாள். ஐம்பத்து மூன்று வயதில், என் வீட்டில், என்னை உள்ளே போய் நில் என்கிறாள். போய் நின்றேன். பெட்டியை மூடி ரிப்பன் கட்டும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மணப்பெண் மேடையில் நிற்கிற படத்தைச் செண்பகவல்லி அம்மாள் எங்கள் பக்கத்தில் போட்டு, 'கண் படாத கைகளுக்கு நன்றி' என்று எழுதியிருந்தார். அது வாக்கியமாகவே சரியில்லை. கைக்கு எப்படிக் கண் படும்? திருத்தி எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். பூங்கோதை கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இப்போது தொண்ணூறாயிரம் பேர். நாள்தோறும் பத்துச் சேலைக்குமேல் வாங்கிக்கொள்வதில்லை.

முடிந்தது. உங்கள் சேலையில் என் வேலை இவ்வளவுதான். ஆறும் நேராக இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் வந்து பாருங்கள். எனக்காக ஒரு முறை பாருங்கள், போதும்.

முப்பத்தெட்டு நிமிடம். நான் நாற்பது சொன்னேன்.

கேட் திறக்கிற சத்தம் கேட்கிறதா? அவள்தான். நான் உள்ளே போகிறேன். அடுக்களையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டு அறுபது வரை எண்ணுவேன். அதற்குள் அவள் பெட்டியை மூடிவிடுவாள். என்ன செய்தாள், எவ்வளவு செய்தாள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அளக்கத் தோன்றும். நீங்களும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையென்றால் அவளிடமே சொல்லிவிடுங்கள், அப்படியே நேராகப் பெட்டியில் கட்டிக் கொடுப்பாள். எனக்கும் நம்பிக்கை கிடையாது.

வா பூங்கோதை. இவர்கள் தம்பிக்கு நாளைக்கு நிச்சயதார்த்தமாம். நிறையப் பேர் வருவார்களாம். நான் உள்ளே போகிறேன்.